வட்டு மறையும் ஆழம்

ஜனவரியில் ஒன்றரை மீட்டர்.
இன்று, மே பதினொன்று, காலை ஆறு இருபது.
கறுப்பு வெள்ளை வட்டைக் கயிற்றில் இறக்குகிறேன்;
முழங்கை நீளம்கூடப் போகவில்லை,
பச்சை அதை வாங்கி மூடிக்கொண்டது.
"எழுதிக்குங்க மேடம், முப்பத்தெட்டு" என்கிறார் ஹாலன்
துடுப்பை மடியில் கிடத்தியபடி.
படகு இல்லத்தில் இன்னும் ஆளில்லை.
கரையில் குதிரைகள் மட்டும் மூக்கால் புகை விடுகின்றன.

ஊட்டி ஏரியை யாரும் பட்டினி போட்டதில்லை.
கால்வாய் ராவும் பகலும் பரிமாறுகிறது:
விடுதிகளின் சோப்பு நுரை,
கேரட் கழுவிய செம்மண், அதில் ஒட்டி வந்த
மூட்டைக் கணக்கு உரம்,
குளிருக்கு வெந்நீரில் இருமுறை குளித்தவர்களின் அழுக்கு.

பனிக்காலம் முழுக்க இங்கே டயாட்டம்களின் ராஜ்ஜியம்.
தண்ணீரில் கரைந்த மணற்சத்தை எடுத்துக்
கண்ணாடிப் பெட்டி செய்து
அதற்குள் குடியிருப்பவை. கனமானவை.
காற்று கலக்காத நாளில் அடியில் போய்ப் படுத்துவிடும்.

ஏப்ரல் வெயில் மேல்தண்ணீரைச் சுடவைத்ததும்
சேற்றில் உறங்கிய நீலப்பச்சை எழுந்தது.
உடம்பெல்லாம் காற்றுப் பைகள்.
காலையில் மிதக்கும், வெயில் தின்னும்,
தின்ற மாவின் பாரத்தில் மாலை தாழும்,
இருட்டில் பாஸ்பரஸ் பொறுக்கும்,
செரித்து, இளைத்து,
மறுபடி மேலே.

நைட்ரஜன் தீர்ந்தாலும் கவலையில்லை.
மணிச்சரத்தில் பத்துக்கு ஒரு மணி
தடித்த சுவர் எழுப்பிக்கொண்டு
காற்றிலிருந்தே சமைத்து
இருபக்கமும் அனுப்பும்.
அது இனிப் பெருகாது.
நுண்ணோக்கி பார்த்து இதை வரையும்போதெல்லாம்
என் பென்சில் சற்று நிற்கும்.

பத்து மணிக்கு, மலர்க் கண்காட்சிக்கு வந்த பையன் ஒருவன்
"எவ்ளோ பச்சை!" என்று ஏரியைப் படம் எடுக்கிறான்.
தப்பில்லை. பச்சைதான்.
இந்தப் பச்சை ராத்திரியில் மூச்சு வாங்கும்,
விடியலில் கெண்டைகள் நீர்மட்டத்தில்
வாய் பிளந்து நிற்கும்.
ஹாலன் எண்ணியிருக்கிறார்.
எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்;
இந்த வருஷம் எண்ணவே இல்லை.

அறிக்கையை வாங்கிய அதிகாரி
சீசன் முடியட்டும் என்றார்,
பக்கங்களைத் தட்டி ஓரம் சேர்த்து.

ஆய்வகம் திரும்பி மீதி மாதிரிகளைக் கொட்டினேன்.
ஆறு புட்டிகள், பட்டாணிச் சாறு மாதிரி.
சோப்பு போட்டுக் கழுவினேன், நன்றாகவே, இரண்டு தடவை.
தொட்டிக்குள் சிறு சுழி ஒன்று
பச்சையைச் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டு போனது.

அது முழுக்க இறங்கிய பிறகுதான் நினைவு வந்தது
எங்கள் குழாய் போய்ச் சேரும் இடம்.