பிரிவு நான்கு: பேச்சிலர்

அடையாள அட்டையில் என் பெயர்
அஜிலாவுக்குப் பதில் அஜீலியா.
மாற்றித் தர ஆறு வாரம் ஆகும் என்றார்கள்.
என் பயிற்சியே ஆறு வாரம்தான்.

மஸ்கட், கலாவில் கண்ணாடிக் கட்டிடம்,
ஐந்தாம் மாடி, ஏசி பதினெட்டில்.
ஜன்னலுக்கு வெளியே மலை
வறுத்த கடலைத் தோல் நிறத்தில் நிற்கும்.
உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு
சலவைத் தூளைப் பற்றி யோசிப்பேன்.

முதல் இரண்டு வாரம் அலமாரி எண்ணினேன்.
ஹைப்பர்மார்க்கெட்டில்
நம் பாக்கெட் எத்தனை முகம்,
எதிராளி பாக்கெட் எத்தனை முகம்.
நான் "நம்" என்று சொல்வதை
அப்பாதான் கவனித்தார்.
"சம்பளம் உண்டா?"
"சர்டிபிகேட் உண்டு."

மூன்றாம் வாரம் ரீம் மேடம் திரையில் காட்டினார்:
பிரிவு ஒன்று, வில்லாக் குடும்பம்.
இரண்டு, ஃபிளாட் குடும்பம்.
மூன்று, ஹோட்டல்.
நான்கு, பேச்சிலர்.
நான்குக்குக் கீழே ஒரு மஞ்சள் ஹெல்மெட் சிரித்தது.
காசுக்கு வாங்கிய படம்; நகத்தில் அழுக்கே இல்லை.
அவனுக்காகத்தான் ஐம்பது பைசா பாக்கெட்.
ஒரு துவைப்புக்கு ஒன்று. கிழி, கொட்டு, மற.
"உனக்குத் தமிழ் தெரியுமா?"
தெரியும் என்றேன்.

கேள்வித்தாளை ஏதோ மெஷின் மொழிபெயர்த்திருந்தது:
நீங்கள் வெண்மையை எவ்வளவு நேசிக்கிறீர்கள்?
ஒன்று முதல் ஐந்து வரை.

ரூவியில் பழைய கட்டிடம், வெள்ளிக்கிழமை காலை.
ஹிலால் கீழே வண்டியில்.
வாசலில் எட்டு ஜோடி சேஃப்டி ஷூ.
திறந்தவர் இசக்கிராஜ்.
நேசிப்பதைப் பற்றி நான் வாசித்ததும்
அறையே சிரித்தது.
"நாங்க போடுறது நீலக் கவரால், தங்கச்சி.
வெள்ளையை நேசிச்சு என்ன பண்ண?"

நுரை? ஒன்று முதல் ஐந்து.
"கம்மியா இருந்தாத் தேவல.
பாத்ரூம் ஆளுக்குப் பத்து நிமிஷம்,
அலசவே அஞ்சு போயிரும்."
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

மாதம் எத்தனை பாக்கெட் வாங்குவீர்கள்?
வாளியைக் காட்டினார். பழைய பெயிண்ட் வாளி.
ஐந்து கிலோத் தூள், ஒரே கரண்டி,
மூடியில் மார்க்கரால் எட்டுப் பெயர்,
முறை வந்தவருக்கு நேரே ஒரு கோடு.
"போன மாசம் ஜெரோமுக்குச் சம்பளம் வரல.
அவன் கோட்டை நாங்க போட்டுக்கிட்டோம்."
சின்னப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"நல்லாத்தான் இருக்கு. லீவுக்குப் போறப்ப
பெட்டியில போட்டுக்கலாம்."

கடைசிக் கேள்வி: பேச்சிலரா, ஃபேமிலியா?
அவருக்கு இரண்டு பெண்கள், மூத்தவள் பிளஸ் ஒன்.
அறையில் ஆறு பேருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.
"பேச்சிலர்னே போடுங்க," என்றார், பழகிப்போன குரலில்.
நான் ஃபேமிலியில் டிக் போட்டேன்.
உறுப்பினர்: எட்டு.

ஞாயிறு காலை கணினி அந்த வரியைச் சிவப்பாக்கியது.
குடும்பம் ஒன்று, ஆள் எட்டு, மனைவி பூஜ்ஜியம்.
"தப்பா விழுந்ததா?" ஹிலால் கேட்டான்.
"இல்லை."
கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான்.
"எங்கள் வீட்டில் பதினொரு பேர்," என்றான்.
பிறகு வரியை நீக்கினான்.

வாளி மட்டும் தப்பித்தது.
ரீம் மேடத்துக்கு வாளி பிடித்துப்போயிற்று.
ஒரு ஸ்லைடு முழுக்க வாளி,
மேலே "பகிர்வு" என்று அரபியிலும் ஆங்கிலத்திலும்.
அடுத்த வருஷம் வருகிறதாம்,
மூடியில் எட்டுக் கோடுகள் அச்சடித்தே.
விலை கொஞ்சம் கூட.
எல்லோரும் கைதட்டினார்கள், நானும்.
அன்றிரவு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசி நாள் சர்டிபிகேட்: அஜீலியா.
கூடவே ஓர் அட்டைப்பெட்டி, நாற்பது சாம்பிள்.
அம்மா ஒன்றைக் கிழித்து
அப்பாவின் வெள்ளைச் சட்டைக்குப் போட்டுப் பார்த்தாள்.
"என்னடி இது, நுரையே வரல."

மீதி முப்பத்தொன்பது.
எட்டுப் பேருக்குச் சமமாய் வராது.