கீழ் வளையம்

எனக்கு எப்போதும் இரண்டு வளையம்.
ஒன்று மேலே, புகையாய்.
ஒன்று கீழே, விளிம்பு கொஞ்சம் தெளிவாய்.
பதின்மூன்று வயதில் மேலதுக்கு எறிந்து
வலயப் போட்டியைத் தோற்கக் கொடுத்தேன்.
பிறகு கீழதுக்கு எறியப் பழகினேன்.
ஒருவருக்கும் சொல்லவில்லை.
எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

நாற்பத்திரண்டில் அதுவும் பால் படிந்துபோக
டொக்டர் யசோதினி
கண்ணைப் பார்க்க முதல் கையைப் பார்த்தா.
"பெருவிரலை மடக்கிப் பொத்துங்கோ."
பொத்தினேன். சின்னவிரலுக்கு அங்கால்
நகம் எட்டிப் பார்த்தது.
"உங்கடை உயரமும் கண்ணும் ஒரு வீட்டுப் பிள்ளையள்.
இதயத்தையும் ஒருக்கா ஸ்கான் பண்ணுவம்."

வில்லை மேலே நழுவியிருக்காம்.
சுற்றிப் பிடிக்கிற நூல் கீழ்ப்பாதியில் இல்லையாம்.
"பள்ளிக்கூட வளையத்திலை
ஒரு பக்கம் அறுந்து தொங்குமே வலை, அப்பிடியோ?"
நிமிர்ந்தா.
"எந்தப் பொசிஷன்?"
"கோல் ஷூட்டர்."
"நான் விங் டிஃபென்ஸ்" என்றா.
ஐந்தடி இருக்கமாட்டா.

கையால் உறையைக் கிழித்தால் மிச்ச நூலும் வந்திடும்.
லேசர் இழுக்காது.
ஆனால் வட்டத்தைக் கண்மணிக்கு நடுவில் கீற ஏலாது,
வில்லை எங்கே ஒதுங்கிக் கிடக்கோ
அங்கேதான்.
"கரண்ட் போனால்?"
தாதி ஜெனிற்றா சிரித்தா.
வெளியே ஆஸ்பத்திரி வீதியில் ஒரு மினிபஸ்
கொடிகாமம், கொடிகாமம் என்று கத்திக்கொண்டு நின்றது.

உறிஞ்சு வளையம் கண்ணில் குந்த
வெளிச்சம் கறுத்துப்போனது.
பதினொன்று வரை எண்ணினேன்.
ஒன்றும் நோகவில்லை, அதுதான் பயமாய் இருந்தது.
அதற்குள் கீறி முடிந்திருந்தது
கோணலான இடத்தில் கோணாத வட்டம்.
மிச்சமெல்லாம் யசோதினியின் கை.
உள்ளே மெல்லிய வளையமொன்றை விரித்து
ஒரு தையல் போட்டு
புது வில்லையைக் குடியிருத்தினா.

ஆறாம் கிழமை, பின்னேரப் பயிற்சி.
இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றேன்.
ஒரே வளையம்.
துரு தெரிந்தது,
போன வருசத்துப் பெயின்ற் வழிந்து காய்ந்த இடமும்.
எறிந்தேன்.
பந்து கம்பத்தில் பட்டு மதிலால் போனது.
மறுபடியும்.
மறுபடியும்.
"மிஸ், கை விட்டிட்டுது" என்றாள் டிலக்சனா.

கையிலை பிழையில்லைப் பிள்ளை,
அது இன்னும் பழைய கணக்கிலை கழிக்குது.

இடக்கண்ணுக்கு அடுத்த மாதம் திகதி.
பிள்ளைகள் தண்ணி குடிக்கப் போன நேரம்
வலக்கண்ணை மூடினேன்.
புகைக்குள் இரண்டும் வந்து நின்றன.
கீழதுக்கு எறிந்தேன்.
வலை இல்லாத வளையம், சத்தம் வராது.
குழாயடியிலிருந்து பிள்ளைகள் கத்தித்தான்
தெரிந்தது.