தொண்ணூற்றொன்பது வளைவு

பாசிர் பாஞ்சாங் பக்கமிருந்து ஏறினால்
முதல் வளைவிலேயே கடல் போய்விடும்.
மணி பதினொன்று நாற்பது.
முதுகுக்குப் பின்னால் துறைமுகம் இன்னும் பகலாகவே இருக்கிறது.
முன்னால் காடு.

எட்டு மணி நேரம்
பாரந்தூக்கியின் கண்ணாடித் தரைக்கு மேல்
குனிந்தே உட்கார்ந்திருந்தேன்.
காலுக்குக் கீழே நாற்பது அடிப் பெட்டிகள்.
உள்ளே என்ன என்று யோசிப்பதை
வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் விட்டுவிட்டேன்.
இப்போது தூக்க வேண்டியது
ஒரு சாப்பாட்டு டப்பா, ஈரக் காலுறை,
அப்புறம் நான்.

இதை மலை என்று சொல்லக் கூச்சம்தான்.
அறுபது மீட்டர் இருக்குமா?
கிம் மோவில் என் வீடு இதைவிட உயரம்.
ஒரு குறுஞ்செய்தியைப் படித்து முடிப்பதற்குள்
மின்தூக்கி கொண்டுபோய் விட்டுவிடும்.
பாரந்தூக்கிக்கும் மின்தூக்கி உண்டு.
ஒரு நாளில் மூன்று உயரம் ஏறுகிறேன்.
மூச்சு வாங்குவது
இந்த நடு உயரத்துக்கு மட்டும்.

தொண்ணூற்றொன்பது வளைவு என்று
சீனத்தில் இந்தச் சாலைக்கு ஒரு பெயர் இருக்கிறதாம்.
எண்ணிப் பார்த்திருக்கிறேன்.
ஒரு நாள் பதினொன்று.
மழை நாளில் பதினாறு.
கால் வலித்தால் கோணலும் வளைவுதான்.

மூன்றே கியர்.
கரோசலில் எண்பது வெள்ளி.
"மேட்டுக்கு வேண்டாம் சிஸ்டர்"
என்று சொல்லித்தான் விற்றார்கள்.

ஏழாவதில் சங்கிலி கழன்றது.

மிதி வெறுமனே சுற்றியது. இறங்கினேன்.
என் சத்தம் நின்ற பிறகுதான்
மற்ற சத்தங்கள் அங்கே இருந்தது தெரிந்தது.
சிள்வண்டு. சாக்கடையில் மதியத்து மழை.
பெரணிக்குள் ஏதோ ஒன்று
நடந்து, நின்று,
நான் போய்விட்டேனா என்று பார்த்து,
மறுபடி நடந்தது.
தெம்புசு பூத்திருக்க வேண்டும்.
மரம் தெரியவில்லை,
மணம் மட்டும் சாலைக்குக் குறுக்கே நின்றது.

கைப்பேசியைப் பல்லில் கடித்துக்கொண்டு
அந்த வெளிச்சத்தில்
சங்கிலியைப் பல் பல்லாக ஏற்றினேன்.

மேலிருந்து ஒரு விளக்கு இறங்கி வந்தது.
மிதிவண்டிதான். முதுகில் உணவுப் பை.
"ஓகே ஆ?"
"ஓகே, ஓகே."
பிரேக்கின் கீச்சு வளைந்து,
இன்னொரு முறை வளைந்து,
காட்டுக்குள் போய்விட்டது.

இரண்டு கையும் கருமசி.
எதில் துடைப்பது?
சீருடையில் துடைத்தால் நாளைக்கும் அதுதான் சீருடை.
இலையில் துடைத்துப் பார்த்தேன்.
இலைதான் கறுப்பானது.

அப்போது கீழிருந்து
தஸ் புஸ்ஸென்று மூச்சு.
அதே விளக்கு, இப்போது ஆடி ஆடி.
நாலு வளைவு இறங்கியவன்
நாலு வளைவு ஏறி வந்திருக்கிறான்,
ஒரு பொட்டலம் ஈரத்தாளை நீட்டிக்கொண்டு.
"கை," என்றான். வேறு சொல்ல மூச்சில்லை.

பையில் மார்க்கரால் எழுதியிருந்தது: ஷாஹிரான்.
முர்தபா வாசனை.
"ஆறிப்போகுமே," என்றேன்.
"ஏற்கெனவே ஆறிப்போச்சு," என்று சிரித்தான்.

கை துடைக்கிற நேரத்துக்கு
ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்:
மொத்தம் எத்தனை வளைவு?
டுவா பிளாஸ், என்றான் யோசிக்காமல்.
பன்னிரண்டு.
ஏறும்போதா, இறங்கும்போதா என்று கேட்பதற்குள்
போய்விட்டான்.

மிச்சத்தை ஏறினேன்.
இந்தத் தடவை எண்ணவில்லை,
ஆனால் அவனுடையதை எண்ணினேன்.
இறங்கியது நாலு, ஏறியது நாலு,
மறுபடி இறங்கியது நாலு.
இப்படி நாலு பேருக்குத் திரும்பித் திரும்பி வந்தால்
தொண்ணூற்றொன்பது
வராமலா போகும்.

உச்சியில் நிற்பதற்கு ஒன்றுமில்லை.
ஒரு பேருந்து நிறுத்தம், ஒரு பலகை.
காடு முடிகிற இடத்தில் காற்று கொஞ்சம் சூடு.
அப்புறம் எல்லாம் இறக்கம்,
மிதிக்கவே வேண்டாம்.
சட்டை முதுகிலிருந்து பிரிந்து படபடத்தது.

கிம் மோ. மின்தூக்கி.
இருபத்து நான்கை அழுத்தினேன்.
எவ்வளவு துடைத்தும்
பொத்தானில் கொஞ்சம் மசி.