அடிக்குறிப்பு 42

கீழே டயர் கடை. மேலே எங்கள் இரண்டு அறை.
காற்றடிக்கும் எந்திரம் உறுமத் தொடங்கினால்
மேசையில் கமா கூட இடம் மாறும்.
புஜ் நகரத்தில் எங்கள் பதிப்பகத்துக்குப் படியேறுபவர்களில்
பாதிப் பேர் பஞ்சர் ஒட்ட வந்தவர்கள்.

ஜுசாப் முத்வாவும் அப்படித்தான் வந்தார்,
முன்சக்கரத்தைக் கழற்றக் கொடுத்துவிட்டு
நேரம் போகாமல்.
"இங்கே என்ன விற்கிறீர்கள்?"
விற்பதில்லை, அச்சடிக்கிறோம் என்றேன்.
பொய்யில்லை. அந்த வருடம் விற்றது பத்தொன்பது.

அடுத்த வாரம்
சக்கரம் நன்றாக இருந்தும் வந்தார்.
மூன்று பால்கணக்கு நோட்டுகள்.
ஒரு பக்கம் யாருக்கு எத்தனை லிட்டர்,
மறுபக்கம்
ரண் உப்புவெளியின் ஓரப் புல்லில்
தண்ணீருக்கு இருக்கிற பெயர்கள்.
கச்சியில் சொன்னது, குஜராத்தி எழுத்தில்.
மூச்சை உள்ளிழுத்துச் சொல்கிற ஒலிக்கு எழுத்தில்லாததால்
அடியில் பென்சிலால் ஒரு புள்ளி.
அந்தப் புள்ளிக்கு எழுத்துரு செய்யவே
எங்களுக்கு ஒரு வருடம் போயிற்று.

நூற்றுப் பதினேழு சொற்கள்.
புனேயிலிருந்து மதிப்பீட்டாளர் எழுதினார்,
காசு வாங்காமல் படித்த நல்ல மனிதர்:
"நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும் ஒரே பொருள்.
ஒன்றை நீக்கலாம்."
நானும் பென்சிலை எடுத்துவிட்டேன்.
ஒரு சொல் போனால் நான்கு வரி மிச்சம்,
வரிகள் சேர்ந்தால் பக்கம்,
பக்கங்கள் சேர்ந்தால் ஒரு ஃபாரம்,
காகிதம் என்ன விலை விற்கிறது என்று
உங்களுக்குத் தெரியாது.

ஜுசாப் கடிதத்தை முழுக்கக் கேட்டுவிட்டு
ஒன்றுதான் கேட்டார்:
"எழுதும்போது அவருக்குத் தாகமாக இருந்ததா?"

விடியுமுன் அழைத்துப் போனார்.
வற்றிய ஏரியின் மடியில் விர்தாக்கள்:
ஆளுயரக் குழி, சுவருக்குக் கட்டை அடுக்கி,
இடுக்கில் புல் திணித்து.
அடியில் ஊறிக் கிடக்கும் உப்பின் மேல்
போன மழை
பாலின் மேல் ஆடைபோல் மிதக்கிறது.
"ஆடை இருக்கும்வரை நம்முடையது.
அப்புறம் கடலுடையது."
ஒன்று நேற்றுத் தோண்டியது. இன்னொன்றுக்குப் பன்னிரண்டாம் நாள்.
இரண்டு குவளை தந்தார். குடித்தேன்.
இரண்டும் தண்ணீர்.
வெட்கத்தோடு சொன்னேன்,
புனேக்காரர் சொன்னது சரிதான் போலிருக்கிறது.

இரவு மேய்ச்சல் முடிந்து எருமைகள் திரும்பின,
கொம்புகளை இரண்டு சுற்றுச் சுருட்டிக்கொண்டு.
"ஹீரல்" என்றார். ஒன்று மட்டும் பிரிந்து வந்தது.
முதல் தொட்டியில் காது அசையாமல் உறிஞ்சியது.
இரண்டாவதில் மூக்கை வைத்தது,
பெருமூச்சு விட்டது,
என்னைப் பார்த்தது.
குடிக்கவில்லை.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
அதன் மோவாயிலிருந்து
நாற்பத்தொன்று சொட்டிக்கொண்டிருந்தது.

ஆதாரத்தை எப்படிக் காட்டுவது என்று மூன்று நாள் சண்டை.
'நேர்ப்பேச்சு' என்று போடலாம் என்றாள் ஊர்மிளா கோர்,
கடனில் என் பங்காளி.
பேச்சா அது?
கடைசியில் இப்படி நின்றது:
"42. வேறுபாட்டை உறுதி செய்தவர்: ஹீரல், எருமை,
ஏழு ஈன்றவர். விர்தா அருகே, விடியலில்."
'செய்தது' என்று திருத்திய மெய்ப்புத் திருத்துநரோடு
ஊர்மிளா ஒரு வாரம் பேசவில்லை.

முந்நூறு பிரதி.
நூலகங்கள் தள்ளுபடி கேட்டன.
ஒரு பல்கலைக்கழகம் இலவசமாகவே கேட்டது.
புனேக்காரர் இரண்டு பிரதிக்கு முன்பணம் அனுப்பினார்,
கூடவே கடிதம் எதுவுமில்லை.

முதுகில் பசை காய்கிற மத்தியானம் ஜுசாபின் போன்.
"ஒன்று விட்டுப்போச்சு."
ஆசையாகத் தோண்டி, ஆழம் போய்,
முதல் வாளியே உப்பாக,
வீட்டில் சொல்லாமல் மூடிவிட்டு வருவார்களே, அந்தக் குழி.
அதற்கும் பெயருண்டாம்.
வாய்விட்டுச் சொல்வது வழக்கமில்லையாம்,
அதனால்தான் நோட்டில் ஏறவில்லையாம்.
எனக்காக ஒருமுறை சொன்னார்.
சரியாக அந்த நேரம் பார்த்துக் கீழே
லாரி டயருக்குக் காற்றடித்தார்கள்.

"கேட்டதா?"

கேட்டது என்றேன்.