இடைவேளைக்குப் பின் மூன்று வினாடி

வெள்ளிக்கிழமை ராத்திரி ட்யூட்டி இல்லையென்றால்
களியக்காவிளையிலிருந்து எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும்
எங்களுக்கு ஒரு தியேட்டர் உண்டு.
கிழக்கே மார்த்தாண்டம், மேற்கே நெய்யாற்றின்கரை.
பெட்ரோல் இங்கே அடிப்போம்,
நேந்திரங்காய் வறுவல் அங்கே வாங்குவோம்.

போன மாதம் பார்த்த தமிழ்ப்படத்தில்
நாயகன் முப்பத்தெட்டுப் பேரை வெட்டினான்.
எண்ணினேன்.
ரத்தம் பூவாணம்போலச் சிதறியது
மெதுவாக, தாளத்தோடு.
அவன் சட்டையில் மட்டும் ஒட்டவில்லை.

பாறசாலை ஆஸ்பத்திரியில் எனக்குப் பன்னிரண்டு வருஷம்.
வெட்டுப்பட்டு வந்த ஒருவனும் வசனம் பேசியதில்லை.
தண்ணி கேட்பான்.
அப்புறம் செருப்பு எங்கே என்பான்.
மறுநாள் அவனுடைய லுங்கியை யாரோ ஒருத்தி
வராந்தாக் குழாயில் அலசுவாள்,
தண்ணீர் தெளியும்வரை
பின்னால் வரிசை காத்து நிற்கும்.
அந்தக் குழாயை எந்த இயக்குநரும் காட்டவில்லை.
லீனஸ் விசிலடித்தான். இருக்கட்டும்.

ஆங்கிலப் படம் தமிழ் பேசியது.
வேற்றுக்கிரகத்து ராட்சதன் சென்னைக்காரன்போல நக்கலடித்தான்.
உலகம் அழிந்தது;
பெரிய பாலங்கள், கண்ணாடிக் கட்டடங்கள், ஒரு சிலை.
எங்கள் செக்போஸ்ட் அழியவில்லை.
அப்போதும் முட்டை லாரிகள் வரிசையில் நின்றிருக்கும், பில்லோடு.
இன்னொன்று பேய்ப்படம்.
காலியான வார்டைக் காட்டிப் பயமுறுத்தப் பார்க்கிறார்கள்.
எனக்கு
நிறைந்த வார்டுதான் பயம்.

மலையாளப்படம் வேறு ஜாதி என்பார்கள்.
மழை மழையாகவே பெய்கிறது.
மீன்குழம்பு கொதிப்பது கேட்கிறது.
நடிக்கவில்லை என்று எல்லோரும் நன்றாக நடிக்கிறார்கள்.
ஒரு மணிநேரம் பாகப்பிரிவினை பேசுகிறார்கள்,
ஒருத்தரும் சத்தம் போடவில்லை;
என் மாமியார் வீட்டுக்கு ஒருநாள் காமிராவோடு வரட்டும்.
ஆனாலும் அழகான படம்,
வீட்டில் நகை காணாமல் போகும்வரை.
போனதும் காமிரா நேரே சென்று நின்றது
நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு லாரிக்காரன் முகத்தில்.
அவன் பேசிய தமிழை
எந்த ஊரிலும் யாரும் பேசுவதில்லை.

அது லீனஸ்.

ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிறவன்.
நாள்கூலி தொள்ளாயிரம், புட்டும் கடலையும்.
"கொறச்சும்கூடி கறுக்கட்டே" என்று
மேக்கப்காரர் இரண்டாம் முறை பூசினாராம்.
முன்வரிசையில் ஒருவன் "பாண்டி!" என்று கத்தினான்.
தியேட்டர் சிரித்தது.
லீனஸும் சிரித்தான்.
இருட்டில் அவன் பல்லைப் பார்த்தேன்.

எண்ணினதன் காரணத்தை இப்போது சொல்கிறேன்.
அந்த முப்பத்தெட்டில் பத்தொன்பதாவது ஆளும் இவன்தான்.
சந்தனக்குறி, வெள்ளை முண்டு,
"எந்தா" என்று ஒரே ஒரு சொல்,
கழுத்தில் வெட்டு.
அங்கேயும் மூன்று வினாடி.
அந்த 'எந்தா'வையும்
வேறு யாரோ பேசியிருந்தார்கள்.

திரும்பும்போது கேட்டான்:
"ரெண்டில எது கொள்ளாம்?"
மதிப்பெண் போடுகிறவள் என்றுதான் நினைப்பு அவனுக்கு.
சொன்னேன்,
திருட்டுமுழி நல்லா வந்திருக்கு.
செத்ததுதான் சரியில்லை.
கழுத்து அறுந்தவன்
முண்டை இழுத்துவிட்டுக்கொண்டு விழமாட்டான்.
காற்றில் கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு
"அம்மா பாக்குமே" என்றான்.

இஞ்சிவிளை தாண்டி எல்லையில் கைகாட்டினார்கள்.
இருக்கைக்கு அடியில் ஒரு குடை, பாதி வறுவல்,
அவ்வளவுதான்.
தமிழ்நாட்டுப் போலீஸ், புதுப்பையன்,
மதுரைப் பக்கமாக இருக்கலாம்.
டார்ச் அவன் முகத்தில் ஏறி நின்றது.
"எங்க போயிட்டு வர்றே, சேட்டா?"

ஒன்று.
இரண்டு.

"படம் பாத்துட்டு வாறோம் சாரே" என்றான் லீனஸ்,
எந்தப் படத்திலும் இதுவரை யாரும் பேசாத
எங்கள் தமிழில்.