பதினோராம் பக்கம்

வடசேரியிலிருந்து பைக்கில் வந்த ஆன்றோ ஜெபின்
என் ஃப்ரீசர் மூடிமேல் வழவழப்பான புத்தகத்தை விரித்தான்.
அட்டையில் ஒரு குடும்பம், நாலு பேருக்கும் வெள்ளைச் சட்டை.
அந்த வீட்டில் யாரும் மீன் வெட்டியதில்லை.

"ஆறாயிரம் சைக்கிள் எக்கா.
பத்து வருசத்துக்கு திரும்பிப் பாக்க வேண்டாம்.
கரண்டு போனதே ஒங்களுக்குத் தெரியாது."

எனக்குத் தெரியும்.
குளச்சலில் கரண்டு போனால்
மூன்று மோட்டாரின் முனகல் நிற்கும்.
உறக்கத்திலும் அந்தச் சத்தமின்மைக்கு
விழித்துவிடுகிறவள் நான்.

ஐந்து யூனிட் கொள்ளும் என்றான்.
எவ்வளவு தரும் என்றேன்.
அதே ஐந்துதான் என்றான்.
அடியோடு வடிக்கலாமா?
"இல்ல, பத்து சதவீதம் உள்ளே கெடக்கணும்."
இன்வெர்ட்டர் தின்பது?
"அது கொஞ்சம்."

ஐஸ்காரனோடு பதினைந்து வருசம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.
ஐம்பது கிலோ பாளம் என்பான்,
வண்டியைவிட்டு இறங்கும்போது நாற்பத்துநாலு,
உமியை உதறினால் நாற்பத்தொன்று.
ரோட்டில் தண்ணீராய்ப் போனதற்கும் சேர்த்தே காசு.
கொஞ்சம் என்பது எவ்வளவு என்று
எனக்கு நீ சொல்ல வேண்டாம் தம்பி.

"பதினெட்டு மணிநேரம் நிக்காம ஓடும்."
எது ஓடும்?
தேடினான். பொடி எழுத்தில் கிடைத்தது.
இரண்டு பல்பு, ஒரு ஃபேன், மூன்று போன்.
என் பெட்டிகளைப் போட்டுக் கணக்குப் பார்த்தேன்
மீன் பொதிந்த காகிதத்தின் ஓரத்தில்.
பதினொன்று வந்தது.
கணவாய் வந்து குவிகிற நாளில் எட்டு.

"ஒக்கி மாதிரி இன்னொண்ணு வந்தாலும் பயமில்ல எக்கா."
யார் சொல்லிக்கொடுத்தது இதை உனக்கு?
அந்த வாரம் வெயில் எட்டிப்பார்க்கவில்லை.
உன் பெட்டியை எதை ஊற்றி நிரப்பியிருப்பாய்?
அந்தப் பெயரை வைத்து
இந்தத் தெருவில் எதையும் விற்காதே.

அவன் தலை குனிந்தான். பிறகு
பதினோராம் பக்கத்தை நான்தான் புரட்டினேன்.
கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பொருத்தினால்
வாரண்டி செல்லாது.
உப்புக்காற்று என்று எழுதியிருந்தது இங்கிலீஷில்,
ஏதோ நோயின் பெயரைப்போல.
என் வீட்டுக்காரர் ஜெரோன்ஸ் வாசலில் நின்றபடி
"அலைவரைக்கும் நானூத்திப் பன்னெண்டு எட்டு" என்றார்.
வலை சுமந்து எண்ணியவர்.

"அது சும்மா ஃபார்மாலிட்டி அண்ணா."
அப்படியென்றால் எழுதிக் கொடு,
குளச்சல் கடற்கரைக்கும் உண்டு என்று எழுதி
கீழே கையெழுத்துப் போடு.
பேனாவைத் திறந்தான்.
மூடினான்.
மறுபடி திறந்தபோது

கரண்டு போனது.

இருட்டில் புத்தகத்தின் குடும்பம் காணாமல் போனது.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
அவன் சட்டைக் காலரைத் தளர்த்துவது கேட்டது.
"மாசம் நாலு விக்கணும் எக்கா.
மூணு ஆச்சு. அதுல ஒண்ணு
என் மாமியாருக்கு."
அங்கே நன்றாக ஓடுகிறதா?
"அவங்க வீட்டுல இருக்கதே ரெண்டு பல்புதான்."
ஜெரோன்ஸ் சிரித்துவிட்டார். அவனும்.

கலர் எடுத்துத் தரட்டுமா என்றேன்.
இல்லை, திறக்க முடியாது, பொறு.
அவன் சாய்ந்து நின்ற மூடியிலிருந்து கையை எடுக்கச் சொல்லி
பழைய சாக்கு இரண்டை மேலே போர்த்தினேன்.

திறக்காத பெட்டி, நிறைய மீன் இருந்தால்
ஒன்பது மணிநேரம் குளிரைப் பிடித்துவைக்கும்.
பாதி நிறைந்தால் ஐந்தரை.
யாரும் அச்சடித்துக் கொடுத்ததில்லை.
சித்திரையில் ஒருமுறை, ஐப்பசியில் ஒருமுறை
கடிகாரத்தோடு உட்கார்ந்து நானே பார்த்தது.

மணி ஏழு நாற்பது.
சுவரில் கரிக்கட்டியால் எழுதிவைத்தேன்.