கடைசிக் கட்டம்

ரீகாவில் பனி சேறாகிக்கொண்டிருந்த வாரம்
பழைய பட்டியலைத் திறந்தாள் விஸ்மா.
இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.
விலங்கே இல்லாத சர்க்கஸ் ஒன்றை
ஊரறியச் செய்ய வேண்டும், பதினாறு நாளில்.

ஓயார்ஸ், லியெபாயா வானொலி:
பத்துக்கு முன் அழைத்தால் எரிந்து விழுவான்.
ஸ்கைத்ரீதே: இணைப்பைத் திறக்கவே மாட்டாள்,
மூன்று வரிக்குள் சொல்லிவிடு.
குந்தார்ஸ்: கோமாளி என்றால் பயம்.
சிரிக்காதே. அனுப்பாதே.

நாளிதழ் ஒன்று பல் மருத்துவமனையாகிவிட்டது.
பழைய எண்ணை அழுத்தினால்
"வலி எந்தப் பக்கம்?" என்கிறார்கள்.

சோதனை மடல்களில் முப்பத்தொன்று
சுவரில் எறிந்த பந்தாய்த் திரும்பின.
தால்ரீட்ஸிடமிருந்து மட்டும் உடனே பதில்:
"விடுமுறையில் இருக்கிறேன். ஆகஸ்ட் ஐந்தில் வருவேன்."
எந்த ஆகஸ்ட் என்று அதில் இல்லை.
அவன் அடக்கத்துக்குப் போயிருந்தாள் அவள்,
காலணிக்குள் ஈரம் ஏறியது நினைவிருக்கிறது.
வரிசையின் மேல் விரல் வைத்தாள்.
எடுத்தாள்.
தேநீர் போட்டு வந்து
நீக்கினாள்.

"ஆயிரம் பேர் கிடைக்காதா?"
சர்க்கஸ்காரர் கேட்கிறார்.
விலைக்குக் கிடைக்கும் ஐயா,
கதவு எண்கள் மாதிரி;
உள்ளே யார் என்று எனக்குத் தெரியாது.

ஐந்தரைக்கு ட்ஸித்ரா கூப்பிட்டாள்,
ஆறாயிரம் பேர் படிக்கும் மாவட்டத் தாள்.
கயிற்றில் நடக்கிறவள் பெயரில்
வருவது குறிலா நெடிலா?
விஸ்மா எழுந்து நின்று பதில் சொன்னாள்,
ஏனென்று தெரியாமல்.

பிறகு ட்ஸித்ராவின் வரிசையில்,
குணம் எழுதும் கடைசிக் கட்டத்தில்,
ஒரே சொல் சேர்த்தாள்:
கேட்பாள்.